சோறு இறங்காத கதை: மாத்தளைத் தோட்டங்களும் மைக்ரோ ஆர்.என்.ஏ.யும்

எங்கள் அம்மாயிக்கு முதலில் இறங்காமல் போனது ரொட்டி. ரத்தோட்டைப் பக்கத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். காலையில் தடித்த கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போனால் மத்தியானம் வரைக்கும் தாங்கும். ஒரு நாள் "நெஞ்சுல நிக்குதுடா" என்றார். தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் ரொட்டி போய்ச் சோறு, சோறு போய்க் கஞ்சி. காஸ்ட்ரிக் என்று சொல்லிக் குளிசை கொடுத்தார்கள். நாலு மாசம் குளிசைதான். கடைசியில் டவுனுக்குக் கொண்டுபோய் வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்த்தபோது, உணவுக்குழாயின் நடுப்பகுதியில் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி.

"ஏன் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?" என்று அங்கே கேட்டார்கள். அப்போது எங்களிடம் பதில் இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நீளமான பதில். 1840களுக்குப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும்.

நான் அந்த வருஷம் ஓ.எல். எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் உணவுக்குழாய்க்குக் 'களம்' என்று பெயர். உயிரின் மிகச்சிறிய அலகுக்குக் 'கலம்'. ள, ல மாற்றி எழுதி மார்க்ஸ் போகாதவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. குழப்பம் வேண்டாம், இங்கே உணவுக்குழாய் என்றே எழுதுகிறேன். அது ஏறக்குறைய 25 சென்றிமீற்றர் நீளமுள்ள, நன்றாக விரிந்து கொடுக்கிற தசைக் குழாய். விரிந்து கொடுப்பதுதான் பிரச்சினையே. உள்ளே கட்டி வளர வளர மற்றப் பக்கம் விரிந்து இடம் விடும். பாதிக்கு மேல் அடைபட்ட பிறகுதான் சாப்பாடு சிக்கும். அதற்குள் நோய் சுவரைத் தாண்டி நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கும். அதனால்தான் உலகத்தில் எங்கே பார்த்தாலும் இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் 5 வருஷம் தாண்டி வாழ்கிறவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான்.

2024 ஒக்டோபர் 7ஆம் திகதி விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு அறிவித்தார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சின்ன மூலக்கூறைக் கண்டுபிடித்ததற்கு. போனில் அந்தச் செய்தியைத் தட்டிக்கொண்டே போனபோது "உணவுக்குழாய்ப் புற்றுநோயில் யார் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை மைக்ரோ ஆர்.என்.ஏ. மூலம் கணிக்கலாம்" என்ற மாதிரி ஆய்வுகள் வரிசையாக வந்தன. அங்கிருந்து பின்னால் தேடிப் போனதில், 1970ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஜேர்னல் ஒஃப் கேன்சர் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரையில் போய் முட்டிக்கொண்டேன். எழுதியவர்கள் எஸ்.ஜே. ஸ்டீபன், சி.ஜி. உரகொட என்ற இரண்டு இலங்கை வைத்தியர்கள். தலைப்பே சொல்லிவிடுகிறது: இலங்கையில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் பற்றிய சில அவதானங்கள், வெற்றிலை போடுவதோடு அதற்குள்ள தொடர்பும் சேர்த்து.

1970! அம்மாயி அப்போது சின்னப் பிள்ளை. இன்னும் வெற்றிலை போடத் தொடங்கியிருக்கவே மாட்டார்.

பாக்கு போன பாதை, ஆள் வந்த பாதை

மாத்தளை வரலாறு என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் 1848 கலகத்தையும் வீர புரன் அப்புவையும் சொல்வோம். அந்தக் கலகம் நடந்த அதே காலத்தில் இன்னொரு கூட்டம் வடக்கிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்தது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து படகேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுக்குள் ஏறக்குறைய 150 மைல் நடந்து வந்தவர்கள். அந்த வடக்குப் பாதையில் மலையின் வாசல் மாத்தளைதான். காய்ச்சலும் கொலராவும் பசியும் அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கான பேரைத் தின்றன. கோச்சி மாத்தளைக்கு வந்தது 1880இல். அதற்குள் கோப்பியில் நோய் விழுந்து, தேயிலைக்கும் கொக்கோவுக்கும் மலைகள் மாறத் தொடங்கிவிட்டன.

அவர்கள் மடியில் என்ன இருந்திருக்கும்? வெற்றிலைப் பை இருந்திருக்கும் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. தமிழன் வீட்டில் கல்யாணப் பேச்சும் வெற்றிலைத் தட்டில்தான் தொடங்கும், சாமிக்கும் வெற்றிலை பாக்குத்தான். ஆனால் இதில் நம் தீவுக்கு ஒரு தனிப் பங்கு இருக்கிறது. கண்டி இராச்சியத்துப் பாக்கு, ஒல்லாந்தர் காலத்தில் அவர்கள் ஏகபோகமாக வைத்திருந்த ஏற்றுமதிச் சரக்கு, தென்னிந்தியாவுக்குத்தான் போனது. போர்த்துக்கேயரோடு இந்தப் பக்கம் வந்த புகையிலை யாழ்ப்பாணத்து மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொண்டது, அதற்குப் பெரிய சந்தை திருவிதாங்கூர். அதாவது, மலைக்கு ஆட்கள் வருவதற்கு முன்பே மலையின் பாக்கும் யாழ்ப்பாணத்துப் புகையிலையும் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. இன்றைக்கும் மாத்தளையில் இருக்கிற ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டிப் போகும்போது இந்த நினைப்பு எனக்கு வரும். மிளகு, ஏலக்காய், கொக்கோ எல்லாவற்றோடும் அந்தத் திணைக்களத்தின் பயிர்ப் பட்டியலில் பாக்கும் வெற்றிலையும் இருக்கின்றன.

வெறும் வெற்றிலை யாரையும் கொன்றதாகத் தெரியவில்லை. ஆள் பிடிக்கிறது பாக்கு. அதிலுள்ள அரிக்கோலின் போன்ற பொருட்கள் வாயிலேயே நைத்ரோசமைன்களாக மாறுகின்றன. சுண்ணாம்பு சேர்ந்ததும் கலங்களின் மரபணுப் பொருளைக் காயப்படுத்தும் ஒட்சிசன் மூலக்கூறுகள் உண்டாகின்றன. புகையிலை தன் பங்குக்குத் தனியாக நஞ்சு சேர்க்கும். துப்பினால் வாயோடு போகும், விழுங்கினால் உணவுக்குழாய் முழுக்க நனையும். அம்மாயி துப்ப மாட்டார். "துப்புறதுக்கா காசு குடுத்து வாங்குறோம்?" என்று கேட்பார்.

மலையில் வெற்றிலை பழக்கம் மட்டும் இல்லை, சாப்பாட்டுக்கு மாற்றும் அதுதான். காலை பெரட்டுக்கு நின்று, கொழுந்து நிறுத்து முடியும் வரைக்கும் வயிற்றை ஏமாற்ற மடியில் இருக்கும் ஒரே பொருள். குளிருக்கும் அதுதான், அட்டைக் கடிக்குத் தடவவும் அந்தப் புகையிலையும் சுண்ணாம்பும்தான். "வெத்தல போடாட்டி கை ஓடாது" என்று லயத்தில் சொல்லாத கிழவி இல்லை. கூடவே கொதிக்கக் கொதிக்கச் சாயத் தண்ணி. ஈரானின் கொலஸ்தான் மாகாணத்தில் தேநீர் அதிகம் குடிக்கிற மக்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வந்தது. 70 பாகைக்கு மேல் சூடாகக் குடித்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய் பல மடங்கு அதிகம். 2016இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகமும் 65 பாகைக்கு மேற்பட்ட பானங்கள் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற பிரிவில் போட்டது. தேயிலை குற்றவாளி இல்லை, சூடுதான். தேயிலை விற்கிற நாட்டில் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டும், இரண்டு பக்கத்துக்காகவும்.

சொன்னவர்கள் இருந்தார்கள்

வெற்றிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1902இல் சென்னையில் வேலை செய்த நிப்லொக் என்ற வைத்தியர், கன்னத்துப் புற்றுநோயையும் வெற்றிலையையும் சேர்த்து எழுதினார். 1933இல் இயன் ஓர் என்பவர், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் வைத்தியசாலையின் அனுபவத்தை லான்செட் சஞ்சிகையில் எழுதினார். வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்றுநோய் பற்றி. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்தில் கப்பலேறிப் போன அதே திருவிதாங்கூர்.

பிறகு 1970இல் ஸ்டீபனும் உரகொடவும். இவர்கள் வாயைத் தாண்டி உள்ளே பார்த்தார்கள். உரகொட நெஞ்சு நோய் வைத்தியர், பின்னால் இலங்கை மருத்துவ வரலாற்றைப் பெரிய புத்தகமாக எழுதியவரும் அவரேதான். சர்வதேச முகவரகம் 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றது. புகையிலை இல்லாத வெற்றிலைக்கும் பாக்குக்கும் அந்தத் தீர்ப்பு வர 2004 ஆனது. இரண்டு விதமான வெற்றிலையும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று அச்சில் உறுதியாகச் சொன்ன தொகுதி 2012இல் வந்தது. கொழும்பில் கேட்கப்பட்ட கேள்விக்கு லியோனிலிருந்து பதில் வர 42 வருஷம். விஞ்ஞானத்தில் சான்று சேர நாள் பிடிக்கும் என்பது தெரியும். இருந்தாலும் அந்த 42 வருஷத்தில்தான் அம்மாயி தினமும் வெற்றிலை போட்டார்.

இந்த இடத்தில் ஓர் ஆறுதலான கதையும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் இலங்கைக் கிராமப்புறத்தில் 34 ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பரிசோதிக்கப் பழக்கினார்கள். டொக்டர்கள் இல்லை, வீடு வீடாகப் போகிற ஊழியர்கள். ஒரு வருஷத்தில் 28,000க்கு மேற்பட்டவர்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். சந்தேகமானவர்கள் 1,220 பேரை மேற்கொண்டு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சமன் வர்ணகுலசூரியவும் மற்றவர்களும் 1984இல் உலக சுகாதார நிறுவனச் சஞ்சிகையில் இதை எழுதினார்கள், இன்றும் உலகம் முழுக்க எடுத்துக்காட்டுகிற வேலை. ஆனால் அனுப்பப்பட்ட 1,220 பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் போனார்கள்.

மற்றப் பாதி ஏன் போகவில்லை? எல்லோருக்கும் பொதுவான காரணம் எனக்குத் தெரியாது. தோட்டத்துக் காரணம் தெரியும். தோட்டத்தில் நாள் சம்பளத்துக்குப் 'பேரு' என்று பெயர். வேலைக்குப் போனால் பேரு விழும், கொழுந்து குறைந்தால் அரைப் பேரு. கிளினிக்குக்குப் போனால் பேரு இல்லை. கண்டிக்குப் போய் நம்பர் எடுத்து, கமரா போட ஒரு நாள், துண்டெடுத்த ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள். கூடப் போகிற மகளுக்கும் பேரு இல்லை. நோய் இருக்கோ இல்லையோ தெரியாது, பேரு போனது நிச்சயம். நெஞ்சுல நிக்குதுன்னா தண்ணி குடிச்சுக்கலாம் என்றுதான் தோன்றும்.

இருபத்திரண்டு எழுத்து

சரி, மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு வருவோம். கலத்துக்குள் மரபணுவின் செய்தியைப் பிரதி எடுத்துக்கொண்டு போகிறது தூது ஆர்.என்.ஏ. அதைப் படித்துப் புரதம் உண்டாகும். இவ்வளவும் ஏ.எல். புத்தகத்தில் இருக்கிறது. அம்ப்ரோசும் ரவ்கனும் 1993இல் ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு ஒன்றில் கண்டது வேறு ஒன்று. லின்-4 என்ற ஒரு மரபணு புரதமே உண்டாக்கவில்லை. அதிலிருந்து வந்தது ஏறக்குறைய 22 எழுத்து நீளமுள்ள ஒரு குட்டி ஆர்.என்.ஏ. துண்டு. அது லின்-14 என்ற இன்னொரு மரபணுவின் தூதில் போய் ஒட்டிக்கொண்டு, புரதம் உண்டாகாமல் தடுத்தது. கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்த சீட்டை வழியில் ஒருத்தன் பிடித்து மடித்து வைத்துக்கொள்கிற மாதிரி. புழுவில் நடக்கிற விநோதம் என்று நினைத்து அதை ஏழு வருஷம் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2000இல் ரவ்கனின் ஆய்வுகூடம் லெட்-7 என்ற இன்னொன்றைக் கண்டது. அது மனிதன் வரைக்கும் எல்லா விலங்கிலும் இருந்தது. அதோடு கதவு திறந்தது.

2002இல் கார்லோ குரோச்சேயின் குழு, ஒரு வகை இரத்தப் புற்றுநோயில் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் காணாமல் போயிருப்பதைக் காட்டியது. 2008இல் சீன ஆய்வாளர்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்த் திசுக்களை எடுத்துப் பார்த்தார்கள். நம் ஊரில் வருகிற அதே வகை, உட்சுவரின் தட்டையான கலங்களிலிருந்து வருவது. மேற்கு நாடுகளில் இரைப்பை அமிலத்தால் கீழ்முனையில் வருவது வேறு வகை. அந்த ஆய்வில் 103, 107 என்ற இலக்கமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கூடுதலாக இருந்தவர்கள் சீக்கிரம் இறந்திருந்தார்கள். அடுத்த வருஷம் இன்னொரு குழு, 21ஆம் இலக்கம் கூடினாலும் 375 குறைந்தாலும் நிலைமை மோசம் என்று கண்டது, நோய் எந்த வகை என்பதைப் பொறுத்து. 21ஆம் இலக்கம், கலப் பெருக்கத்துக்குப் பிரேக் போடுகிற புரதங்களின் தூதைத்தான் மடித்து வைத்துக்கொள்கிறது. பிரேக் போனால் வண்டி என்னாகும் என்று எல்கடுவ ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதில் ஆசை காட்டுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தத் துண்டுகள் இரத்தத்திலும் மிதக்கின்றன, சிதையாமல் நிற்கின்றன என்று 2008இலேயே தெரிந்தது. அப்படியானால் கமரா இல்லாமல், ஒரு ஊசி இரத்தத்தில் ஆளைக் கண்டுபிடிக்கலாமே? கூடவே, யாருக்குக் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்து அதன்பின் அறுவை செய்ய வேண்டும், யாருக்கு அந்தக் கடுமையான சிகிச்சை பிரயோசனப்படாது என்றும் பிரித்துப் பார்க்கலாமே?

ஆசைதான். இன்றுவரை எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. சோதனையும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழமையான பரிசோதனையாக வைத்தியசாலைக்கு வரவில்லை. ஒரு குழு சொல்கிற இலக்கத்தை இன்னொரு குழு உறுதி செய்வதில்லை. எடுத்த இரத்தத்தில் சிவப்புக் கலங்கள் உடைந்தாலே அதற்குள் இருக்கிற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கொட்டிக் கணக்கைக் கெடுத்துவிடும். மலைத் தோட்டத்தில் குழாயில் எடுத்த இரத்தம் வளைவுப் பாதையில் குலுங்கிக் குலுங்கிக் கண்டி போய்ச் சேர்வதை நினைத்துப் பாருங்கள்.

மருந்தாகக் கொடுக்கிற கதை இன்னும் சோகம். 34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. புற்றுநோயை அடக்குகிற பக்கத்து ஆள். அதைச் செயற்கையாகச் செய்து, கொழுப்புக் குமிழிக்குள் வைத்து, 2013இல் அமெரிக்காவில் நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். எம்.ஆர்.எக்ஸ்.34 என்று பெயர். மைக்ரோ ஆர்.என்.ஏ. போன்ற ஒன்றை மனிதப் புற்றுநோய்க்குக் கொடுத்த முதல் முயற்சி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கடுமையாகத் திருப்பித் தாக்கியது. நாலு பேர் இறந்தார்கள், 2016இல் நிறுத்திவிட்டார்கள். ஒரே துண்டு நூறு தூதுகளை மடிக்கும் என்றால், நல்ல தூதுகளையும் மடிக்கும்தானே. இணையத்தில் "மைக்ரோ ஆர்.என்.ஏ. வைத்தியம்" என்று யாராவது விற்றால் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

எண்ணப்படுவது என்றால்

நான் சொல்ல வந்த விஷயம் இனித்தான். 'முன்கணிப்பு' என்ற சொல்லைக் கேட்டால் சோதிடம் மாதிரி இருக்கிறது. அது சோதிடத்துக்கு நேர் எதிர். கொஞ்சம் பேரின் திசுவை இன்றைக்கு எடுத்துக் குளிரில் வைப்பார்கள். பிறகு அவர்களை விடாமல் பின்தொடர்வார்கள்: ஒரு வருஷம், மூன்று வருஷம், ஐந்து வருஷம். யார் இருக்கிறார், யார் போய்விட்டார். அதன்பின் பெட்டியைத் திறந்து, இருந்தவர்களிடமும் போனவர்களிடமும் எது வித்தியாசம் என்று பார்ப்பார்கள். அடையாளத்தைத் தருவது மெஷின் என்று நாம் நினைக்கிறோம். அதற்கு அர்த்தம் தருவது அந்த ஐந்து வருஷப் பின்தொடர்தல்.

ஆய்வுக் கட்டுரைகளில் அதை ஒரு படமாகப் போடுவார்கள். மேலேயிருந்து கீழே இறங்குகிற படிக்கட்டு. ஒவ்வொரு படி இறக்கத்திலும் ஒரு சாவு. நடுநடுவே சின்னச் சின்னக் கோடு இருக்கும். அது இறந்தவர் இல்லை. தகவல் இல்லாமல் போனவர். அவரை அந்த இடத்தோடு கணக்கிலிருந்து விட்டுவிடுவார்கள்.

இந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நம் ஆட்கள்தான். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனோம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். ஸ்டீபனும் உரகொடவும் அந்தக் கட்டுரையை எழுதிய காலத்தில் மாத்தளை லயங்களில் யார் போவது, யார் இருப்பது என்ற பேச்சுத்தான். பிறகு ஒப்பாரிக் கோச்சி. மலையிலிருந்து தலைமன்னாருக்கு, பாட்டன் நடந்து வந்த அதே வடக்கு நோக்கி. இங்கே சிகிச்சை எடுத்த ஒருவர் திருச்சியிலோ நீலகிரியிலோ போய் இறந்தால் எந்தப் பதிவேட்டில் அந்தப் படி இறங்கும்? எங்குமே இல்லை. சின்னக் கோடு.

எண்ணாமல் விட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. எண்ணினார்கள், வேறு விதமாக. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறுகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் தோட்டத்தின் இலக்கம் அடித்த ஒரு தகரத் துண்டு கொடுத்தார்கள். டின் டிக்கட். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவர்களின் வழிச்செலவு எந்தத் துரையின் கணக்கில் விழ வேண்டும் என்பதில் ஒரு சதம் பிசகவில்லை. தோட்டத்துக்கு வந்த பிறகு செக்ரோல். ஒரு நாள் பேரு தவறாது. 1872இலேயே தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்ய வேண்டும் என்று சட்டமும் போட்டார்கள். தொழிலாளி செத்தால் புது ஆள் பிடிக்கச் செலவு. கொலரா பரவினால் வேலை நிற்கும். ஆனால் ஐம்பது அறுபது வயதில், வேலைக்காலம் முடிகிற நேரத்தில், மெல்ல வருகிற ஒரு நோயைப் பின்தொடர அந்தக் கணக்கில் பக்கமே இல்லை. தோட்ட வைத்தியம் அரசாங்கத்தின் பொதுச் சுகாதாரச் சேவைக்கு வெளியே நீண்ட காலம் கிடந்தது, அந்தப் பழைய பிரிவின் தழும்பு இன்னும் மாறவில்லை. நாலு மாசம் காஸ்ட்ரிக் குளிசை என்பது ஒரு தனிமனிதரின் பிழை இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு முன்னால் ஒரு பதிவு இருந்து, "இந்தத் தோட்டத்தில் வெற்றிலை போடுகிற பொம்பளைகளுக்கு இது வருகிறது" என்று அது சொல்லியிருந்தால், முதல் வாரமே கமராவுக்கு அனுப்பியிருப்பார்.

ஏனென்றால் இலங்கை முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது, அதில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆண்களிடமும் பெண்களிடமும் முதல் பத்துக்குள் வருகிறது. உலகத்தின் பல நாடுகளில் இது பெரும்பாலும் ஆண்களின் நோய். நம் நாட்டில் பெண்களின் பட்டியலிலும் மேலே நிற்கிறது என்றால், அந்தப் பெண்கள் யார், எங்கே வேலை செய்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வுகளில் பெரும்பாலானவை சீனாவிலும் யப்பானிலும் நடந்தவை. அங்கே காரணங்கள் வேறு: புகை, மது, சூடான பானம், சாப்பாட்டுக் குறைபாடு. தைவானில் பாக்கு மெல்லுகிறவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், ஆனால் அவர்கள் பொதுவாகப் புகையிலை சேர்ப்பதில்லை. நம் கூட்டு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, யாழ்ப்பாணப் புகையிலை, மேலே கொதிக்கிற சாயம். 21ஆம் இலக்கமும் 375ஆம் இலக்கமும் இந்தக் கூட்டிலும் அதே மாதிரித்தான் நடக்கும் என்று பெய்ஜிங்கிலிருந்து சொல்ல முடியாது. இங்கே பார்த்தால்தான் தெரியும். பார்ப்பதற்கு நோபல் பரிசு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. எடுத்த துண்டைப் பத்திரமாக வைக்க ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு பதிவுப் புத்தகம், ஐந்து வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுகிற ஆள். கிளினிக் போகிற நாளுக்குப் பேரு.

2016இல் அரசாங்கம் புகையற்ற புகையிலைப் பொருட்களைத் தடை செய்தது. பாபுல் பக்கெட் கடை முன்னால் தொங்குவது நின்றது, கடைக்குள் போய்க் கேட்டால் கிடைப்பது நிற்கவில்லை. வயதானவர்களிடம் அது புற்றுநோய் தரும் என்று சொன்னால் "ஒங்க தாத்தா எண்பது வரைக்கும் போட்டாரு" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. போட்ட எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும், வந்தவர்களில் யார் பிழைப்பார் என்று இன்னும் யாராலும் தோட்டத்து ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அம்மாயிக்குக் கடைசியில் உணவுக்குழாயில் ஒரு குழல் வைத்தார்கள், கஞ்சி இறங்கட்டும் என்று. இறங்கியது. ஏழு வாரம். வெற்றிலைப் பையை அம்மா இன்னும் வைத்திருக்கிறார், சுருக்குக் கயிறு போட்ட நீலத் துணிப் பை. வைத்தியசாலையிலிருந்து அம்மாயி வீட்டுக்கு வந்த நாளுக்குப் பிறகு ஒருவரும் போன் பண்ணி, இருக்கிறாரா என்று கேட்கவில்லை.